மூக்கில் விட்டாலும் தடுப்பூசியா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடிவீட்டுத் தம்பி ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியாவுக்கு 'மியூக்கோசல் வேக்சின்' செய்து பார்க்கிறார்களாம். தமிழில் என்ன என்று கேட்டான். "சளிச்சவ்வுத் தடுப்பூசி" என்றேன். "ஊசியே இல்லையே அண்ணா, மூக்கில்தானே விடுகிறோம்!" என்று சிரித்தான்.

சரிதான். வேக்சின் என்ற சொல்லில் ஊசி கிடையாது, பசுதான் உண்டு. லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. எட்வர்ட் ஜென்னர் 1796-இல் பசு அம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்தார். பெயர் அங்கிருந்து வந்தது. அதை மற்ற நோய்களுக்கும் நீட்டியவர் லூயி பாஸ்டர். நம் ஊரில் 'அம்மை குத்துவது' என்றார்கள். தடுப்பூசியிலும் அந்தக் குத்து தங்கிவிட்டது. இங்கே கன்னடத்தில் 'லசிகெ' என்கிறார்கள். அதில் ஊசி இல்லை.

இத்தனைக்கும் தோளில் தழும்பு வைக்கும் பி.சி.ஜி.யே, 1921-இல் பாரிசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வாய்வழியாகத்தான் புகட்டப்பட்டது. அது தடுக்கும் காசநோயும் நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியாவால் வருவதுதானே!

அப்புறம் மியூக்கோசா. மியூக்கஸ் லத்தீனில் மூக்குச்சளி. மூக்கு, மூச்சுக்குழாய், குடல் இவற்றின் உட்புறத்தை மூடிய ஈரப்படலம் மியூக்கோசா. இலங்கைத் தமிழர்கள் 'சீதமென்சவ்வு' என்பார்கள். எனக்கோ சீதம் என்றதும் சீதபேதிதான் நினைவுக்கு வருகிறது. 'கோழைப்படலம்' என்றும் எழுதுகிறார்கள். காவல் நிற்கும் படலத்துக்குக் கோழை என்று பெயரா! கிருமி முதலில் வந்து ஒட்டுவது அங்கேதான். கையில் போடும் ஊசி பெரும்பாலும் ரத்தத்தில்தான் எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதத்தை, பெருக்கும். மூக்கில் விடும் மருந்தோ ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சளியிலேயே சுரக்கவைக்கப் பார்க்கிறது. கக்குவான் இருமலில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்: இன்று பல நாடுகளில் போடும் செல்லற்ற ஊசி (முழுக் கிருமி இல்லாமல் அதன் சில பகுதிகள் மட்டும் உள்ளது) நோயைத் தடுத்தாலும், மூக்கில் கிருமி குடியேறுவதைச் சரியாகத் தடுப்பதில்லை. அதனால்தான் மூக்குவழி மருந்தையும் சோதித்து வருகிறார்கள்.

போலியோவுக்கு நம் மக்கள் யாரையும் கேட்காமல் 'சொட்டு மருந்து' என்று சொல்லிவிட்டார்கள். அந்த வழியிலேயே இதைச் 'சளிச்சவ்வுத் தடுப்பு மருந்து' என்பேன். பேச்சில் 'மூக்குச் சொட்டு' போதும்.

தம்பி தடுப்பு மருந்தை ஒப்புக்கொண்டான். சளிச்சவ்வுக்கு மட்டும் கன்னடத்து 'லோளெ பொரெ'தான் வாயில் நன்றாக வழுக்குகிறதாம்.