இரண்டு கொலை, ஒரே கையா?

1950களின் கடைசி. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் கொலை வழக்குகளைப் பார்த்துவந்த பியர்ஸ் புரூக்ஸுக்கு ஒரு சந்தேகம். தன்னிடம் இருக்கும் கொலையைச் செய்தவன் வேறு ஊரிலும் இதையே செய்திருப்பானோ? கேட்டறிய அன்று ஒழுங்கான வழி கிடையாது. நூலகத்தில் உட்கார்ந்து வெளியூர் நாளிதழ்களைப் புரட்டினார். அந்த அலைச்சலில் முளைத்த யோசனைதான் 1985-இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் 'வைகேப்' (ViCAP) என்ற குற்ற வழக்குத் தரவுத்தளமாக வந்தது.

கொலைகாரன் மனதைப் படிப்பது இதன் வேலையல்ல. வழக்குகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதுதான். அதனால் இதற்காகக் காவல் நிலையங்கள் நிரப்பித் தரும் படிவத்தின் கேள்விகள் சாதாரணமானவை. கொன்ற இடமும் உடல் கிடந்த இடமும் ஒன்றா? ஆயுதம் கொண்டுவந்ததா, அங்கேயே எடுத்ததா? ஆளைக் கட்டியிருந்தால் எதைக்கொண்டு கட்டினான்?

கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நிற்கலாம். திமிறாமலிருக்கக் கையைக் கட்டினான் என்றால் அது செய்முறை. செய்முறை அனுபவத்தில் மாறும். முதல் தடவை கொடிக்கயிறு அவிழ்ந்துவிட்டால், அடுத்த தடவை பையில் டேப்போடு வருவான். ஆனால் இரண்டு சுற்று போதுமான இடத்தில் ஏழு சுற்று, ஒவ்வொன்றும் அளந்து வைத்ததுபோல் ஒரே இடைவெளியில்? குற்றத்துக்கு அது தேவையில்லை, அவனுக்குத் தேவை. இதைத்தான் விசாரணையாளர்கள் 'கையொப்பம்' என்கிறார்கள். இது செய்முறையைப்போல லேசில் மாறாது என்பது அவர்கள் கணக்கு.

எஃப்.பி.ஐ.யின் இன்னொரு வகைப்பாடு இதைவிடப் பிரபலம். சிறையிலிருந்த 36 கொலையாளிகளிடம் பேசி, 'திட்டமிட்டவன்', 'தாறுமாறானவன்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. எனக்கு அந்தக் கச்சிதம்தான் இடித்தது. 2004-இல் உளவியலாளர் டேவிட் கேன்டரின் குழு 100 அமெரிக்கத் தொடர்கொலையாளிகள் செய்த கொலைகளில் 39 அம்சங்களை எடுத்து, எவை சேர்ந்தே வருகின்றன என்று கணித்தது. இரண்டு கூட்டமாக அவை பிரியவில்லை. திட்டமிடலின் அடையாளங்கள் பெரும்பாலான கொலைகளில் இருந்தன. தாறுமாறான அம்சங்கள் அரிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. ஆளுக்கு முத்திரை குத்துவதைவிட, செயலைச் செயலாகவே குறித்துவைப்பதுதான் நம்பகமானது.

குறித்துவைக்கவும் ஆள் வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையங்கள் வைகேப் படிவத்தை நிரப்பியே தீரவேண்டும் என்று நாடு முழுமைக்குமான கட்டாயம் இல்லை. படிவமோ நீளம். இரவெல்லாம் விழித்த அதிகாரி, எதைக்கொண்டு கட்டினான் என்ற கேள்விக்கு 'கயிறு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், ஏழு சுற்றைத் தேடும் கணினிக்கு அந்த வழக்கு கண்ணிலேயே படாது.