“வெறும் கலர்தானே?” என்று ஈரத்துணியை எடுக்கும் முன்

போன வாரம் பழுது பார்க்க என் மேஜைக்கு இன்னொரு ஓவியம் வந்தது. மூன்றடிக்கு நாலடி கித்தான், எண்ணெய் வண்ணம். 1970களில் சென்னை ஓவியர் ஒருவர், தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. முழுக்க நீலம், கீழே மட்டும் துருப்பிடித்தது போல ஒரு சிவப்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களின் ஏணி இடித்து, ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு வண்ணம் உதிர்ந்துவிட்டது. அதுவரை நடந்தது விபத்து, யார் வீட்டிலும் நடக்கும். அப்புறம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தூசி போகட்டும் என்று முழுப் படத்தையும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். பிறகு பெயின்ட் கடையில் படத்தின் போட்டோவைக் காட்டி அதே நீலத்தைக் கலக்கி வாங்கி, உதிர்ந்த இடத்தில் பூசி, அது தனியாகப் பளிச்சென்று தெரியவும், சமன் செய்வதற்காகச் சுற்றிலும் ஓரடிக்குப் பூசியிருக்கிறார்கள்.

கொண்டுவந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். “ஏம்மா, இதுல என்ன இருக்கு, வெறும் கலர்தானே? முகம் கிகம் இருந்திருந்தா நாங்க கை வெச்சிருப்போமா?” என்றார்.

ஓவியங்களைப் பழுது பார்த்துக் காப்பாற்றும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. இந்த வருடத்தில் மட்டும் இது நான்காவது படம். ரவிவர்மா பாணி லட்சுமி படத்தில் மூக்கு நுனி உதிர்ந்தால் பதறிப்போய் துணியில் சுற்றி எடுத்து வருகிறார்கள். உருவம் எதுவும் இல்லாமல் வண்ணமும் வடிவமும் மட்டுமே உள்ள அரூப ஓவியம் என்றால் மட்டும் தாங்களே டிங்கரிங் வேலை பார்த்துவிடுகிறார்கள்.

உண்மை நேர்மாறானது. லட்சுமியின் மூக்கு போனால் அது எங்கே, எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். கண் இருக்கிறது, உதடு இருக்கிறது, அதே அச்சில் நூறு படங்கள் இருக்கின்றன. அரூப ஓவியத்தில் ஊகிக்க எதுவும் கிடையாது. தூரிகை எவ்வளவு அழுத்தமாகப் போயிற்று, எங்கே அடிவண்ணம் எட்டிப் பார்க்க விடப்பட்டது, எந்த இடம் மினுங்குகிறது, எது மங்கல், எங்கே கத்தியால் அப்பியிருக்கிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படம். “வெறும் கலர்” என்று நீங்கள் சொல்கிற அந்தக் கலரைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அதன் மேலேயே பூசிவிட்டால் என்ன மிச்சம்?

இதில் உலகப் புகழ்பெற்ற அருங்காட்சியகமே அடிபட்டிருக்கிறது. அமெரிக்க அரூப ஓவியர் பார்னெட் நியூமன் 1960களின் இறுதியில் வரைந்த ஒரு பிரம்மாண்டமான சிவப்புப் படம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலைக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1986இல் ஒருவன் அதைக் கத்தியால் கிழித்தான். சரிசெய்யக் கொடுத்தார்கள். 1991இல் திரும்பி வந்தபோது கிழிசல் தெரியவில்லை, ஆனால் சிவப்பு செத்துப்போயிருந்தது என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள். தடயவியல் ஆய்வு செய்ததில், சுவருக்கு அடிக்கிற ரகப் பெயின்டை ரோலரால் பூசியிருப்பதாக முடிவு வந்தது. சரிசெய்தவர் அதை மறுத்தார், வழக்கு வரை போனது. என் தொழிலில் இருப்பவர்கள் பெருமூச்சு விட்டபடி பேசிக்கொள்ளும் கதை இது. மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உள்ளிருந்து ஒளிர்ந்த சிவப்பு, ஒரே தட்டையான சிவப்பானது. கத்தியால் கிழித்தவன் செய்த சேதத்தைவிட “சிவப்பு சிவப்புதானே” என்ற எண்ணம் செய்த சேதம் பெரிது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்தது, “இதை என் பேரனே வரைவான்.” வரைய மாட்டான். குழந்தைகள் வரைவது எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம். 2011இல் அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரி உளவியல் ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பெயர் பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும், அவற்றைப் போலவே தெரியும் குழந்தைகளின், குரங்கு யானைகளின் கிறுக்கல்களையும் ஜோடி ஜோடியாக வைத்து, எது நல்ல படம் என்று கேட்டார்கள். பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டி ஏமாற்றிய போதும்கூட, ஓவியப் பயிற்சியே இல்லாத மாணவர்கள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் கிடைக்கக்கூடியதைவிடக் கூடுதல் முறை ஓவியரின் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். எப்படி என்று அவர்களால் முழுமையாகச் சொல்ல முடிந்ததோ இல்லையோ, கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இது யோசித்துச் செய்தது, கைபோன போக்கில் வந்ததல்ல என்று.

யோசித்துத்தான் செய்தார்கள். ரஷ்யாவில் சட்டம் படித்துப் பேராசிரியர் வேலைக்குப் போகவிருந்த காண்டின்ஸ்கி, 1896இல் முப்பது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓவியம் கற்க மியூனிக் போனார். அதற்குச் சற்று முன்பு மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோற்போர் படத்தைப் பார்த்திருக்கிறார். அது வைக்கோற்போர் என்றே அவருக்குப் புரியவில்லை, ஆனால் படம் மனதை விட்டுப் போகவுமில்லை. பல வருடம் கழித்து ஒரு மாலை, மங்கின வெளிச்சத்தில் தன் அறைக்குள் நுழைகிறார். சுவரோரம் சொல்ல முடியாத அழகோடு ஒரு படம் நிற்கிறது, அதில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை, வண்ணமும் வடிவமும்தான். கிட்டே போனால் அவர் படமேதான், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மறுநாள் பகலில் அதே உணர்வை வரவழைக்க முயன்றார், வரவில்லை. பொருள்கள்தான் தன் படங்களைக் கெடுக்கின்றன என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான். அந்த எண்ணத்திலிருந்து முழு அரூபத்துக்குப் போய்ச்சேர அவருக்குப் பல வருட உழைப்பு தேவைப்பட்டது. ஹாலந்து ஓவியர் மாண்ட்ரியானும் அப்படித்தான். மரத்தை வரைந்து, திரும்ப வரைந்து, கிளைகளைக் கோடுகளாக்கி, கடைசியில் மரமே இல்லாமல் குறுக்கும் நெடுக்குமான கோடுகளில் வந்து நின்றார். ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளின்ட் இவர்களுக்கெல்லாம் முன்பே, 1906இல் தொடங்கிவிட்டார். உலகம் இன்னும் தயாராகவில்லை என்று நினைத்து, தான் இறந்து இருபது வருடம் கழித்துத்தான் அவற்றைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்” என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காண்டின்ஸ்கி, மாண்ட்ரியான், ஹில்மா மூவருமே தியாசபி, அதாவது பிரம்மஞான சபையின் சிந்தனையில் ஊறியவர்கள். மாண்ட்ரியான் 1909இல் அந்தச் சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார். சபையின் உலகத் தலைமையகம் நம் அடையாறில்தான் இருக்கிறது, அந்த ஆலமரத் தோட்டத்தில். 1907 முதல் தன் மரணம்வரை அதன் தலைவராக இருந்த அன்னி பெசன்ட், சபையைச் சேர்ந்த லெட்பீட்டரோடு சேர்ந்து, கோபம், பக்தி, பயம் போன்ற உணர்வுகளுக்கு உருவமும் நிறமும் கொடுத்து ஒரு படப்புத்தகம் போட்டிருந்தார். அதைக் காண்டின்ஸ்கி படித்திருக்கிறார்.

அப்புறம் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளியாகக் கிடந்த இடத்தை வாங்கி, பாட்டிக் துணி விற்ற காசில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஆதிமூலம், அச்சுதன் கூடல்லூர் என்று முழுவதும் வண்ணத்துக்குள் இறங்கியவர்கள் இந்த ஊரில் வாழ்ந்து வரைந்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறை ஓவியர்களின் படங்கள் சென்னையில் எத்தனையோ வீட்டு ஹாலில், யார் வரைந்தது என்றுகூடத் தெரியாமல் மாட்டியிருக்கின்றன. எனக்குப் பயம் அதுதான்.

அந்த அம்மாவிடம் நான் ஒன்று கேட்டேன். பட்டுப்புடவை எடுக்கப் போனால் எவ்வளவு நேரம் ஆகும்? “ரெண்டு மணி நேரமாவது ஆகும்” என்றார். அரக்கு உடலுக்கு எந்தப் பச்சைக் கரை சேரும், எது அடிக்கும், மயில் கழுத்து நிறத்தைக் கடை விளக்கில் பார்த்து நம்பாமல் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பது, இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் புடவையில் “என்ன இருக்கு” என்று அவர் கேட்டதில்லை. ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடியில் ஒரு சொல் கிடையாது, அதற்கு அர்த்தம் கேட்டவரும் கிடையாது. அதே கண்ணோடு, அதே பொறுமையோடு இந்தப் படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்றேன். பூசாமல் தப்பித்த பக்கத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக் காட்டினேன். நீலத்துக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் ஒரு காவி. “நாப்பது வருஷமா இது நீலம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, இனி செய்யக் கூடாதவை. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

ஈரத்துணி வேண்டாம். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாவுச்சத்து விரிசலுக்குள் போய் உட்கார்ந்து பூஞ்சைக்கு விருந்தாகும். அக்ரிலிக் பிளாஸ்டிக் மாதிரிதானே, கழுவலாம் என்றும் நினைக்காதீர்கள், அதன் மேற்பரப்பும் தண்ணீரைத் தாங்காது. வண்ணம் எங்கும் பெயராமல் இருந்தால் மட்டும், மிருதுவான உலர்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக லேசாகத் தட்டலாம். பெயர்ந்திருந்தால் அதுவும் கூடாது.

வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அமெரிக்க அரூப ஓவியர் ரோத்கோ 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்துக்கு வரைந்து கொடுத்த பெரிய படங்கள், ஜன்னல் வெயிலிலேயே சாயம் போய், 1979இல் கழற்றிச் சேமிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர் பயன்படுத்திய ஒரு சிவப்பு ஒளியைத் தாங்காத ரகம். 2014இல், போன நிறத்தை ஒளிக்கருவியால் படத்தின் மேல் பாய்ச்சித்தான் காட்சிக்கு வைத்தார்கள். உங்கள் வீட்டில் அந்த வசதி கிடையாது. பூஜை அறைக்கு எதிர்ச்சுவர், சமையலறை வாசல், கொசுவத்தி வைக்கும் மூலை, இவையும் வேண்டாம். மழைக்காலத்தில் ஓதமேறும் வெளிச்சுவரில் மாட்டியே ஆக வேண்டுமென்றால், சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு வைத்துக் காற்றுப் போக இடம் விடுங்கள். கார்த்திகையில் ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் அங்கேதான் தொடங்கும்.

எது மேல் பக்கம் என்று தெரியவில்லையா? உங்கள் இஷ்டத்துக்கு மாட்டாதீர்கள், பின்பக்கம் பாருங்கள். கையெழுத்து, தேதி, கண்காட்சிச் சீட்டு, பழைய கம்பி கட்டிய தடம், ஏதாவது இருக்கும். அந்தச் சீட்டுகளைக் கிழித்தெறிய வேண்டாம், சில சமயம் அதுதான் ஒரே சாட்சி. மாண்ட்ரியான் ஒட்டுநாடாக்களால் செய்து முடிக்காமல் விட்டுப்போன ஒரு படம் பல பத்தாண்டுகளாகத் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது என்று 2022இல் ஜெர்மனியின் டுஸல்டார்ஃபில் காப்பாளர் ஒருவர் கண்டுபிடித்தார். துப்புக் கொடுத்தவற்றில் ஒன்று அவருடைய அறையில் 1944இல் எடுத்த பழைய போட்டோ. திருப்பினால் நாடாக்கள் உரிந்துவிடும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் படத்தையும் முன்னும் பின்னும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

வீடு மாறும்போது குமிழி பிளாஸ்டிக்கைப் படத்தின் மேல் நேராகச் சுற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் வண்டிக்குள் அக்ரிலிக் இளகி, வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும், அதை யாராலும் எடுக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்துவிட்டால் வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைக்காமல், முகம் மேலே பார்க்க நிழலில் படுக்க வைத்து, இந்த வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். கிழிந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். யார் என்ன நிறம் கலந்து கொடுத்தாலும், நீங்கள் தூரிகையைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். வண்ணம் உதிர்ந்துவிட்டால் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். போன வாரப் படத்தில் உதிர்ந்ததையெல்லாம் வேலைக்கார அம்மா குப்பையில் போட்டுவிட்டார். இப்போது நான் பெயின்ட் கடை நீலத்தை ஒரு நாளைக்கு அரை அங்குலம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன், அடியில் அசல் இருக்கும் இடம் மீண்டுவிடும். அந்த உள்ளங்கை அளவு மீளாது. கடுகளவு துணுக்கானாலும் ஒரு தபால் கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். அதன் அடிப்பக்கத்தில் கித்தானின் நெசவு பதிந்திருக்கும், விளிம்பு எங்காவது பொருந்தும், அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.