ரைம்ஸ் வருகிறது, தண்ணி கேட்கத் தெரியவில்லை

இரண்டரை வயதுக் குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். "ஏ டு இசட் சொல்லுவானுங்க மேடம். கலர் எல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுவான். இருபது வரைக்கும் எண்ணுவான். பேச்சு மட்டும் வரலீங்க." கொஞ்சம் பெருமை, உடனே கவலை. தண்ணி வேணும்னா என்ன செய்வான் என்று கேட்பேன். அம்மாவின் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜ் வரை இழுத்துப் போவானாம், அந்தக் கையைத் தூக்கிக் கதவில் வைப்பானாம். முகத்தை நிமிர்ந்து பார்ப்பானா என்றால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்பதைவிட, எதற்காக அதைச் சொல்கிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் கவனிப்போம். கேட்க, மறுக்க, கூப்பிட, 'அங்க பாரு' என்று காட்ட. 'பர்ப்பிள்' தெரிந்த குழந்தை அதை வைத்து வீட்டில் எதையும் வாங்கிவிட முடியாது. 'தா', 'வேணாம்', 'போலாம்' இருந்தால் பாதி நாளை ஓட்டிவிடும்.

போன் வீடியோவில் ரைம்ஸும் கலரும் கற்கும் குழந்தைக்குப் பேச்சும் அதிலிருந்தே வந்துவிடாதா என்று தோன்றலாம். 2003-இல் அமெரிக்காவின் சியாட்டிலில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரீசியா குல் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் 12 அமர்வுகள். ஒரு பிரிவுக்கு நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசினார். மற்றவர்களுக்கு அதே ஆட்கள் வீடியோவிலும் ஒலிப்பதிவிலும். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகிவிட்டார்கள். வீடியோ பார்த்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. அதற்காகத் திரையே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. 2014-இல் வெளியான வேறோர் ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் வீடியோ காலில் பேசியவரிடமிருந்து புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால் அதற்குப் பதில் வருகிறதா என்பதுதான் கணக்கு. துபாயிலிருந்து வீடியோ காலில் வந்து "சாப்டியாடா தங்கம்?" என்று கேட்கும் அப்பாவால் எந்தக் கெடுதலும் இல்லை. தாராளமாகப் பேசட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு பலருக்கும் தெரிந்திருக்கும்: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. இதைக் கேட்டதும் பெற்றோர் நிமிடக் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். அந்த நேரம் எந்த வேளையில் போகிறது என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் சோறு ஊட்டும் வேளையில் போகிறது. திருப்பூர் மாதிரி ஊரில் காலையில் ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும், பஸ் வந்துவிடும், குழந்தை வாயைத் திறக்காது. போனை வைத்தால் திறக்கும். இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போகிற வீட்டில் இதைத் தப்பு என்று உபதேசம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் என்ன கைநழுவுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரியவரும் குழந்தையும் எதிரெதிரே உட்காருகிற நேரம் நாளில் மூன்று வேளைதான். 'ஆ காட்டு', 'சூடா இருக்கு, ஊதலாம்', 'இன்னும் வேணுமா?', 'போதுமா?' எல்லாம் அப்போது வருகிற பேச்சு. போன் வந்ததும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிடுகிறார். என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்று குழந்தைக்கும் தெரிவதில்லை. மூன்று வயதிலும் மிக்ஸியில் அடித்த சாதமே சாப்பிடும், மெல்லத் தெரியாத குழந்தைகளைப் பார்க்கிறேன்.

டிவியும் இதில் சேர்த்திதான். "அது சும்மா ஓடிட்டிருக்கும், அவன் பாக்கவே மாட்டானுங்க" என்பார்கள். அவன் பார்க்காமல் இருக்கலாம், பாட்டி பார்க்கிறாரே! 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குழந்தை காதில் டிவி சத்தம் விழும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து அது கேட்கும் சொற்கள் 770 குறைவதாகக் கணக்கிட்டது. சீரியல் நேரத்தில் நம் வீட்டில் யார் யாரோடு பேசுகிறோம் என்று யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமாக இருக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கச் சொல்லமாட்டேன். ஒரு வேளைச் சாப்பாடு போதும், அதுவும் அவசரமில்லாத இரவுச் சாப்பாடு. எல்லோரும் உட்காரும்போது குழந்தைக்கும் ஒரு தட்டு, பெரியவர்கள் போனும் அந்த நேரத்துக்கு வேறு அறையில். முதல் சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான், தரையெல்லாம் சோறாகும். எடை குறைவான குழந்தையாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசச் சொன்னால் நிறையப் பேர் பரீட்சை வைக்கிறார்கள். "இது என்ன? என்ன கலர்? சொல்லு, சொல்லு." அது வேண்டாம். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிச் சின்னதாக ஒன்று சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் பெற்றோருக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரை பார்ப்பதால் வருகிற ஆட்டிசம் என்ற பொருளில், யூடியூபில் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அப்படி ஒரு நோயறிதல் மருத்துவக் கையேடுகளில் இல்லை. போன் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்று மாமியார் சொல்ல, மருமகள் என் முன்னால் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழி அவருக்குச் சேராது. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: "போனை நிறுத்திட்டோம், ஆறு மாசம் பாப்போம்" என்பது. காது சரியாகக் கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது, போனைச் சத்தமாக வைத்து அதிலேயே மூழ்கியிருக்கும். அதனால் பேச்சு தாமதம் என்றால் முதல் வேலை காது பரிசோதனைதான். ஓ.ஏ.இ., பெரா என்று எழுதிக்கொடுப்பார்கள், குழந்தைக்கு வலிக்காது. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசுனாரு" என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்பவில்லை, ஒன்றேகால் ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் (டி.இ.ஐ.சி.) பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மஞ்சள் காமாலை இருந்ததா, குழந்தையை ஐ.சி.யு.வில் வைத்தார்களா என்பதைக் காது பரிசோதனைக்கு முன் கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் விளையாடும்போது உங்கள் போனிலேயே இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வந்தாலும் எங்களுக்கு உதவும். புது இடத்தில் வாயே திறக்காத குழந்தைகள் நிறையப் பேர்.