ஈட்டி மரத்தில் வெள்ளைப் பென்சிலை வைக்காதீர்கள்

கால் சேரும் இடத்தில் அரை நூல் (சுமார் ஒன்றரை மி.மீ.) இடைவெளி. அதை ஒட்டி, பாலீஷுக்கு அடியில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஈட்டி (ரோஸ்வுட்) மர மேசைகளும் நாற்காலிகளும் இந்தக் கோலத்தில் பழுதுபார்க்க வந்துகொண்டே இருக்கின்றன. மரம் ஈரம், பாலீஷ் மட்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இரண்டுமில்லை, இணைப்பை அறுக்கக் கோடு போட்ட விதம்தான் காரணம்.

கறுத்த மரத்தில் சாதாரணப் பென்சில் தெரியாது, சரி. உடனே "தெரிகிற மாதிரி போடு" என்று வெள்ளைப் பென்சிலையோ சாக்பீஸையோ எடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றால் சுண்ணாம்பிலேயே வரையலாமே! இணைப்புக்கான கோடு எங்கே அறுப்பது என்று சொன்னால் மட்டும் போதாது. ரம்பமும் உளியும் வந்து உட்கார இடமும் தர வேண்டும். முனை மழுங்கிய வெள்ளைப் பென்சில் ஒரு மி.மீ. தடிமனுக்குக் கோடு போடும். அந்த ஒரு மி.மீ.யில் இடது விளிம்பா, வலது விளிம்பா, நடுவா? காலையில் ஒரு பக்கம் அறுத்தவர் மாலையில் மறுபக்கம் அறுப்பார். நான்கு மூலையிலும் இப்படி ஆனால் சட்டம் சதுரமாக நிற்காது. முனையைச் சீவினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மெழுகு கலந்த மென்மையான முனை அது, நாலு இழுப்பில் மறுபடி மழுங்கிவிடும்.

இன்னொன்று, ஈட்டிக்குத் துளைகள் பெரிது. வெள்ளைத் தூள் அதற்குள் இறங்கிவிடும். உப்புத்தாள் போட்டால் போய்விடும் என்று தேய்க்கத் தேய்க்க இன்னும் ஆழமாகத்தான் அடையும். மெழுகு இருந்த இடத்தில் பாலீஷும் சரியாகப் பிடிக்காது. பால்பாயின்ட் பேனா இதைவிட மோசம்: ஸ்பிரிட் பாலீஷ் பட்டதும் மை கரைந்து பரவும்.

கத்தியால் கீறுங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய கத்தி வேண்டும். பழைய ஹாக்ஸா பிளேடைத் தீட்டியே செய்துகொள்ளலாம். தட்டையான பக்கம் மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) ஒட்டி இருக்க வேண்டும். இருபுறமும் சாய்வுள்ள, வளைகிற பேப்பர் கட்டர் கத்தி மட்டத்தை விட்டு ஓடும். முதல் இழுப்பு மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஆழத்துக்கு. ஈட்டியில் நார் பின்னிக் கிடக்கும். முதல் இழுப்பிலேயே அழுத்தினால் கத்தி நாரின் போக்கில் போய்விடும். ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கே கேஜ் (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி) போடும்போது முள் வைத்த கேஜ் வேண்டாம், நாரைப் பிய்க்கும். சக்கரம் வைத்த கேஜ் வெட்டிக்கொண்டு போகும்.

கீறல் தெரியவில்லையா? விளக்கை மாற்றுங்கள். தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டில் எந்தக் கீறலும் தெரியாது, ஏனென்றால் நிழலே விழாது. எல்.இ.டி. விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, கோட்டுக்குக் குறுக்காகப் பக்கத்திலிருந்து அடியுங்கள். பாதிப் பேருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

அதற்கும் தெரியவில்லை என்றால் மாஸ்கிங் டேப். இழைத்த முகத்தைத் தூசி போகத் துடையுங்கள். ஈட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, டேப் ஒட்டவில்லை என்றால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன் மேலேயே மட்டம் வைத்து, டேப்போடு சேர்த்து மரத்தையும் கீறுங்கள். பிறகு கழிவுப் பக்கத்து டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள். வெளிர்நிற டேப் நிற்கும் வரை நம் மரம், கறுப்பாகத் தெரிவது போக வேண்டியது. ரம்பத்தைக் கறுப்புப் பக்கத்திலேயே, டேப்பின் ஓரத்தை உரசாமல் ஓட்டுங்கள். டவ்டெயிலில் (புறாவால் வடிவ இணைப்பு) ஒரு பலகையின் வடிவத்தை இன்னொன்றின் குறுக்குவெட்டு முகத்தில் எடுக்க இதை மிஞ்சிய வழியில்லை. வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. வெயில் காலத்தில் ராத்திரி முழுக்க விட்டால் பசை மரத்திலேயே தங்கும்.

தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைப் பாதுகாக்க 1990-களிலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். தப்பாக அறுத்துவிட்டு, நினைத்த நேரத்தில் கடைக்குப் போய் இன்னொரு துண்டு வாங்கிவரும் மரமில்லை இது.

வெள்ளைப் பென்சிலே கூடாதா? முரட்டு அறுப்புக்கு, இழைக்கப்போகும் பலகைக்குத் தாராளமாகப் போடுங்கள். அந்த மேல்தோல் எப்படியும் போகப்போகிறது.

கத்திக் கோட்டிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். வெளியே தெரியும் முகத்தில் ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுக்காதீர்கள். வெட்டு வரும் இடத்துக்கு மட்டும் போதும். கீறலை ரப்பரால் அழிக்க முடியாது, இழைத்துத்தான் எடுக்க வேண்டும். வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய பலகையில் அந்த வழியும் கிடையாது. மேல்தாள் பெரும்பாலும் அரை மி.மீ.கூட இருக்காது, இழைத்தால் அடியிலிருக்கும் பிளைவுட் எட்டிப் பார்க்கும். அங்கே டேப்பை ஒட்டி, அதன்மேல் கூரான பென்சிலால் குறியுங்கள். அறுக்கும் கோட்டில் மட்டும் கத்தி.