கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் வகுப்பறை

விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறையைத் திறந்து, நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓசை சட்டென்று அடங்காது. சுவருக்கும் தரைக்கும் கூரைக்கும் மாறி மாறி மோதி, சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். பள்ளியைப் புதுப்பிக்கப் பணம் வந்தால் பெயிண்ட், டைல்ஸ், புது பெஞ்சு என்றுதான் நம் யோசனை போகிறது. என்னைக் கேட்டால், வேலையைக் காதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஆசிரியர் சொல்வதெழுதுதலுக்கு 'பாடம்' என்கிறார். 'பா' நெடில்; சத்தமாக, நீளமாக ஒலிக்கும். அடுத்து வரும் 'ட' கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். முழங்கும் அறையில் 'பா'வின் ஓசை அடங்குவதற்குள் 'ட' வந்து அதற்குள் மூழ்கிவிடுகிறது. கடைசி பெஞ்சுக் குழந்தைக்குக் கேட்டது பாடமா, பாதமா, பாரமா? பெரியவர்கள் என்றால் முன்பின் சொற்களை வைத்து ஊகித்துக்கொள்வோம். அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்கிற குழந்தை எதை வைத்து ஊகிக்கும்? அதோடு, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் பதின்ம வயதில்தான் முழுமை அடைகிறது. நமக்குக் கேட்கிறது என்பதால் குழந்தைக்கும் கேட்கும் என்று நினைக்க முடியாது.

இந்த எதிர்முழக்கத்துக்குக் கணக்கு கண்டுபிடித்தவர் வாலஸ் சபைன். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில், பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லின் ஓசை அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொல் தாண்டிப் போயிருப்பார். சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது.

அவர் செய்தது எளிமையான சோதனைதான். ஊர் உறங்கிய பிறகு, பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து கூடத்தில் பரப்புவார். ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை காதுக்கு எட்டாமல் போக எத்தனை நேரம் ஆகிறது என்று அளப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் மெத்தை, இன்னொரு அளவு. ஏறக்குறைய 1,500 பேர் அமரும் அரங்கின் மெத்தைகள் மொத்தமும் வந்து இருக்கை, நடைபாதை, மேடை, பின்சுவர் எல்லாவற்றையும் மூடியபோது ஓசை 1.14 விநாடியில் அடங்கியது. ஒரு கோடைகாலத்தில் எடுத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகளை அவர் தூக்கிப் போட்டிருக்கிறார். அளந்தவர் என்ன உடை அணிந்திருந்தார் என்று குறித்து வைக்காததுதான் காரணம். உடையும் ஒலியை உறிஞ்சும் அல்லவா!

அவருடைய சூத்திரம் சிறியது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சுதிறனால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் விநாடியில் கிடைக்கும். உறிஞ்சுதிறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது. ஆக, ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்பது முழுமையான ஒரு பங்கு உறிஞ்சல்.

நம் ஊர் வகுப்பறை ஒன்றைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். நீளம் 6 மீட்டர், அகலம் 6, உயரம் 3. சிமென்ட் பூச்சு தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். ஆளில்லாமல் மூடிக் கிடந்தால் ஓசை அடங்க 4 விநாடி. கதவையும் நான்கு ஜன்னல்களையும் திறந்தால் ஒன்றரைக்குள் வந்துவிடும். நாற்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் 0.7. அமெரிக்காவில் சிறிய வகுப்பறைக்கு வைத்திருக்கும் வரம்பு 0.6 விநாடி, அதுவும் ஆளில்லாதபோது; நாம் பிள்ளைகள் நிறைந்திருக்கும்போதுதான் அதன் அருகில் வருகிறோம். அப்புறம் ஸ்மார்ட் வகுப்பு வருகிறது, ஏசி மாட்டுகிறோம், ஜன்னலைச் சாத்துகிறோம். எதிர்முழக்கம் மறுபடி ஒரு விநாடியைத் தாண்டுகிறது. தெரு இரைச்சல் குறைந்தது உண்மைதான். ஆனால் ஜன்னல் செய்துகொண்டிருந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. முழக்கத்தை மீறிப் பேச ஆசிரியர் குரலை உயர்த்துகிறார், பிள்ளைகளும் உயர்த்துகிறார்கள், மாலைக்குள் ஆசிரியரின் தொண்டை கட்டிக்கொள்கிறது.

முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது மெல்லியது, பெரிய பயன் இல்லை. ஒலி உள்ளே நுழைந்து இழைகளோடு உரசித் தன் ஆற்றலை வெப்பமாக இழக்க வேண்டும்; அதற்குத் தடிமனும் நுண்துளைகளும் வேண்டும். தென்னைநார்ப் பலகை இதற்கு நன்றாகப் பொருந்தும். சுவரோடு ஒட்டாமல் பின்னால் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால் தாழ்ந்த ஓசைகளையும் பிடிக்கும். தீப்பிடிக்காதபடி பதப்படுத்தியதை வாங்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாக நார் கிடக்கிறது. நம் பள்ளிகளுக்கு இது ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

நூலகத்தில் நிலைமை வேறு. அங்கே புத்தக அடுக்குகளே ஓரளவு ஒலியை வாங்கிக்கொள்ளும். தொல்லை, டைல்ஸ் தரையில் நாற்காலி இழுபடும் கிரீச் சத்தம். கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வகுப்பறையில் பலகையை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். முதல் ஒலிக்குப் பின் இருபதில் ஒரு விநாடிக்குள் வந்து சேரும் எதிரொலிகளைக் காது முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். பேச்சு இன்னும் தெளிவாகும். கெடுப்பது தாமதமாக வருபவைதான். அதனால் பலகைகளைப் பின்சுவரிலும் கூரையின் ஓரங்களிலும் மாட்டுங்கள். ஆசிரியருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் கூரையின் நடுப்பகுதியையும் வெறுமனே விட்டுவிடுங்கள். அவர் குரலைக் கடைசி பெஞ்சுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பவை அவை.