புத்தகத்தோடு கடிதத்தையும் காப்பாற்றுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யூதக் குடும்பத்தார், யூத மதச் சட்டங்களும் விவாதங்களும் அடங்கிய தல்மூத் நூலின் கட்டுப் பிரிந்துபோன தொகுதிகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் ரபியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்தவர். பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். புத்தகங்களோடு ஒரு பிஸ்கட் டின்னும் வந்தது. அதற்குள் பதினொரு கடிதங்கள். "பக்கங்களுக்கு நடுவில் கிடந்தன. தூசி தட்டும்போது எல்லாவற்றையும் உருவிவிட்டோம். இதெல்லாம் தேவையா?" என்று கேட்டார் வீட்டுப் பெரியவர்.

தேவை. அந்தத் தொகுதிகள் பல நூலகங்களில் கிடைக்கும். அந்தக் கடிதங்கள் உலகில் வேறெங்கும் கிடையாது.

ஒன்றைப் பிரித்துப் படித்தேன். வேறோர் ஊர் ரபி எழுதிய பதில் அது. இந்த வீட்டு முன்னோருடைய பிரதியில் இல்லாத நான்கு வரிகளை, தன்னிடமிருந்த வெனிஸ் பதிப்பைப் பார்த்துப் பொடி எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். இதன் அருமை புரிய வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். முழு தல்மூத்தை முதலில் அச்சிட்டவர் வெனிஸில் டேனியல் பாம்பெர்க். அந்தப் பதிப்பு 1523இல் நிறைவடைந்தது. 1553இல் ரோமில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆணைப்படி தல்மூத் பிரதிகளைப் பொது இடத்தில் போட்டு எரித்தார்கள். 1578க்கும் 1581க்கும் இடையில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வந்த பதிப்பில் தணிக்கையாளர்கள் பல வரிகளை வெட்டினார்கள். வெட்டுப்பட்ட பாடமே பின்வந்த பல பதிப்புகளிலும் தொடர்ந்தது. ஆகவே பழைய வெனிஸ் பிரதி யாரிடம் இருக்கிறது என்று தேடிப்பிடித்துக் கடிதம் போட வேண்டியிருந்தது. நல்லவேளையாக, பாம்பெர்க் போட்ட ஏட்டு எண்ணையே பெரும்பாலான பதிப்புகள் பின்பற்றின. இத்தனையாவது ஏடு, அதன் பின்பக்கம் என்று எழுதினால் எந்த ஊரிலும் அதே இடத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

அச்சிட்ட நூற்பட்டியல் அரிதாக இருந்த காலத்தில் கடிதம்தான் பட்டியல். இத்தாலியின் பாதுவாவில் இருந்த அறிஞர் சாமுவேல் டேவிட் லுட்சாட்டோ, இடைக்கால எபிரேயக் கவிஞர் யூதா ஹலேவியின் கவிதைகள் அடங்கிய கையெழுத்துப் பிரதி ஒன்றை விலைக்கு வாங்கி, அதிலிருந்து தேர்ந்தெடுத்த கவிதைகளை 1840இல் பிராகில் வெளியிட்டார். தன்னிடமிருந்த சுவடிகளைப் பற்றி மற்ற அறிஞர்களுக்கு ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். இந்த வழக்கம் மிகப் பழையது. 1199இல் எகிப்திலிருந்து யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடெஸ், தன் அரபு நூலை எபிரேயத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த சாமுவேல் இப்ன் திப்போனுக்கு எழுதினார். சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம் என்றும், எந்தத் தத்துவ நூல்களைப் படிக்கலாம், எவற்றை விடலாம் என்றும் அதில் சொல்கிறார். ஆசிரியரிடம் நேரில் பாடம் கேட்பதற்குச் சமமான கடிதம்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். யூத நாட்காட்டியின் ஆண்டை எழுதும்போது ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். 599 என்று வந்தால் 5599 என்று பொருள். அந்த 599உடன் 1240ஐக் கூட்டினால் நம் கணக்கில் 1839. ஆண்டின் தொடக்க மாதங்களானால் ஒன்று குறையும். நாளுக்குப் பதில் அந்த வாரம் ஓதும் தோரா என்ற மறைநூலின் பகுதியுடைய பெயர் மட்டுமே இருப்பதும் உண்டு. இவையெல்லாம் பெரும்பாலும் தாளின் ஓரத்தில் இருக்கும். முதலில் கிழிவதும் அந்த ஓரம்தான். அஞ்சல்தலைக்காக உறையை வெட்டியெடுக்கும்போது ஊரும் போய்விடுகிறது.

என் மேசையில் நான் அதிகம் வருந்துவது செலோ டேப்பைப் பார்த்துத்தான். அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி, மையையும் கரைத்துவிடும். லேமினேஷன் அதைவிடக் கொடுமை. அதிலிருந்து தாளைச் சேதமின்றி மீட்பது பெரும்பாடு. அந்தக் காலத்து மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. நாளாக ஆக அதுவே தாளை அரிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் அரிப்பு பரவும். மடித்த தாள் விறைத்திருந்தால் நீங்களாகப் பிரிக்காதீர்கள். அமிலமில்லாத தாளில் பொதிந்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதம் நூலுக்குள் இருந்தால் உருவுவதற்கு முன் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுத்தாலே போதும். இதைச் செய்யாததால்தான் அந்தப் பதினொரு கடிதங்களோடு நான் பல வாரம் போராடினேன். வெனிஸ் வரிகள் இருந்த கடிதத்தில் ஏட்டு எண் இருந்தது. அந்த ஏட்டைப் புரட்டினேன். அச்சுப் பக்கத்தில் கடிதத்தின் அளவிலேயே ஒரு பழுப்பு நிழல். மையின் அமிலம் அத்தனை காலமும் அங்கே இறங்கியிருக்கிறது. கடிதத்தை அருகில் பிடித்துப் பார்த்தேன். மடிப்புக் கோடு உட்பட அப்படியே பொருந்தியது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஏழு கடிதங்களுக்கு இடம் கண்டுபிடித்தோம். அமிலம் மேலும் இறங்காதபடி அவற்றைத் தனி உறைகளில் இட்டு, ஒவ்வோர் உறையின் மேலும் தொகுதியையும் ஏட்டையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். மற்ற நான்கின் உறைகளில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.