சொல் விளக்கம்: இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் – படப் பொருத்தம்

ரெஜிஸ்ட்ரேஷன் என்றதும் 'பதிவு' என்று எழுதத்தான் கை போகும். 'படப்பதிவு' என்றாலோ படம் எடுப்பது என்று பொருளாகிவிடும். இங்கே படம் எடுத்து முடிந்துவிட்டது. ஒரே தலையை வெவ்வேறு நாள்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவைக்கும் வேலைக்குத்தான் இந்தப் பெயர்.

லத்தீனில் 'ரெகெஸ்தா' என்றால் குறித்துவைக்கப்பட்டவை. பத்திரப் பதிவு அந்தக் கிளையில் வருவது. அச்சுத்தொழிலில் சொல் வேறு பக்கம் திரும்பியது: தாளின் இரு பக்க வரிகளும் நேர்நேராக அமைவதும், வண்ண அச்சில் நிறங்கள் விலகாமல் விழுவதும் 'ரெஜிஸ்டர்' ஆயின. மருத்துவப் படத்துறையில் வழங்குவது இந்தப் பொருள்தான்.

ஸ்கேன் படுக்கையில் யாரும் இருமுறை ஒரே கோணத்தில் தலைவைத்துப் படுப்பதில்லை. படம் பெரும்பாலும் 1 மி.மீ. அளவுள்ள வாக்ஸெல்கள் என்னும் நுண்கட்டங்களால் ஆனது. அதில் ஒரு சிறு பங்கு நகர்ந்திருந்தாலும், மாற்றத்தைக் காண ஒரு படத்திலிருந்து இன்னொன்றைப் புள்ளிக்குப் புள்ளி கழிக்கும்போது மூளையின் விளிம்பெங்கும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தோன்றும். நோயே இல்லாத இடத்திலும் மாற்றம் தெரியும். அதனால் மூன்று திசை நகர்வு, மூன்று அச்சுச் சுழற்சி என ஆறு எண்களைக் கணினி திரும்பத் திரும்பத் திருத்தி, வேறுபாடு மிகக் குறையும் நிலையைத் தேடுகிறது. மண்டையோட்டுக்குள் மூளை பெரிதாக உருமாறாது என்பதால் ஆறு எண்களே போதும். திருப்பிய படத்தில் இடைப்பட்ட புள்ளிகளின் மதிப்பைக் கணிப்பதுதான் கடினம். அதில் அசட்டையாக இருந்தால் கணக்கே பொய்யான விளிம்பை உண்டாக்கிவிடும். 1995-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜோசஃப் ஹாய்னலும் கிரேம் பிட்டரும் சேர்ந்த குழு வாக்ஸெலைவிடவும் நுண்ணிய துல்லியத்தில் இதைச் செய்து காட்டியது. கழித்த படத்தில் மாறாத இடம் சாம்பல் நிறமாகப் படிந்துவிட, மாறிய இடம் மட்டும் துலங்கும்.

இதன் அருமை அல்சைமர் என்னும் மறதி நோயில் தெரியும். முதியவர்களின் மூளை ஆண்டுக்குச் சுமார் 0.5 விழுக்காடு சுருங்குவது இயல்பு. அல்சைமரில் அது 2 விழுக்காட்டை ஒட்டிப் போகும். இரண்டு ஃபிலிம்களை விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடிப்பது மிகக் கடினம்.

எனவே 'படப் பொருத்தம்' என்பதே என் தேர்வு. வினையாகவும் தடையின்றி வரும்: 'முந்தைய படத்தோடு பொருத்திக் கழித்ததில் வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) விரிந்திருப்பது தெரிகிறது.' ஆறு எண்களோடு நிற்பதை 'உருமாறாப் பொருத்தம்' என்றும், திசுவையே வளைத்து நெளித்துப் பொருத்துவதை 'உருமாற்றுப் பொருத்தம்' என்றும் பிரித்துச் சொல்லலாம்.